பெஞ்சில் கொஞ்சம் இடம்

நாகர்கோவிலில் பூதப்பாண்டி பஸ் ஏறினால் ஜன்னலோரம் பார்த்து உட்காருங்கள். ஊர் சந்தடி அடங்கியதும் வயல், வாழை, தென்னை, எதிரே தாடகை மலை! மதுரை வெயிலில் வெந்தவனான எனக்கு, மனைவியின் ஊரான இங்கேயே குடியேறிவிடலாம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. பகலில் ஜி.எஸ்.டி. கணக்கு, மீதி நேரத்தில் பத்திரிகைக்குக் கட்டுரை என்று பிழைக்கிறவனுக்கு எந்த ஊரானால் என்ன?

மகளுக்கு ஐந்து வயசு முடிந்தது. ஒண்ணாங்கிளாஸ். எந்த ஸ்கூல்?

மாமனாரின் முதல் கேள்வி: "நம்ம ஆளுவ பிள்ளைய அங்க படிக்குதா மாப்ளே?"

இந்த 'நம்ம ஆளு' இருக்கிறதே, கன்னியாகுமரி மாவட்டத்தில் லேசுப்பட்ட சமாசாரமல்ல. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குச் சுமார் 49 பேர் இந்துக்கள், 47 பேர் கிறிஸ்தவர்கள், 4 பேர் முஸ்லிம்கள். அதற்குள்ளே ஆயிரம் உட்பிரிவுகள். மேற்கே போகப்போக மலையாளம் வேறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இதில் கொண்டாட்டம். கோட்டாறு சவேரியாருக்கு டிசம்பர் 3, சுசீந்திரம் தேருக்கு மார்கழியில் ஒரு நாள், அய்யா வைகுண்டருக்கும் மண்டைக்காடு கொடைக்கும் மாசியில் என்று உள்ளூர் லீவு கிடைக்கும். (பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்கூல் வைத்து ஈடுகட்டிவிடுவார்கள் என்பது துக்கமான விஷயம்.)

லீவு எல்லோருக்கும் பொது. ஸ்கூல்தான் தனித்தனி.

முதலில் டவுனில் ஒரு பெரிய ஸ்கூல். ஏ.சி. அறையில் உட்கார வைத்து, "ஃபாதர் என்ன படிச்சிருக்கார்?" என்று ஆரம்பித்தார்கள். 'பி.காம்.' என்றேன். மகளிடம் ஆங்கிலத்தில் கலர் கேட்டார்கள். குழந்தையையோ பெற்றோரையோ இப்படி வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லையே! ஸீட் வேண்டியவனுக்குச் சட்டம் பேச நாக்கு வருமா?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வேனில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வருஷத்துக்கு 210 நாள் என்று வைத்தால், ஐந்து வருஷத்தில் 1,575 மணி நேரம். இரவு பகலாக 65 நாள் என் பெண் வேனிலேயே இருப்பாள்!

அடுத்தது மாமனார் சிபாரிசு செய்த ஸ்கூல். வாசலிலேயே எங்கள் ஜாதகம் முழுக்கத் தெரிந்திருந்தது. 'நம்ம' பிள்ளைகள்தான் நிறைய.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ரசவடையோடு நான் புலம்ப, பக்கத்திலிருந்த ரிட்டயர்டு வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது பழைய திருவிதாங்கூராக்கும். கல்விச் செலவை சர்க்காரே ஏத்துக்கும்னு 1817-லயே ராணி கௌரி பார்வதி பாய் உத்தரவு போட்டாச்சு. ஆனா தாழ்த்தப்பட்ட பிள்ளைய பள்ளிக்கூடம் ஏற 1910 வரைக்கும் போராட வேண்டியிருந்து."

அய்யன்காளி கதையை அவர் சொல்லித்தான் முழுசாகக் கேட்டேன். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று 1907-ஐ ஒட்டி உழைக்கும் ஜனங்கள் வேலையை நிறுத்தினார்கள். பிறகு திருவனந்தபுரம் பக்கம் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளியே கூட்டிப் போய் வகுப்பில் சேர்த்தார். ஆத்திரக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். பாதி கரிந்த ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

"அதே 1907-லதான் நம்ம ஜீவா இந்த ஊர்ல பிறந்தாரு," என்று எழுந்தார் வாத்தியார். சின்ன வயசிலேயே தீண்டாமையை எதிர்த்து சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்ட ப. ஜீவானந்தம். வடைக்குக் காசு நான் கொடுத்தேன்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்து சர்க்கார் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், காலைச் சிற்றுண்டி உப்புமா வாசனை. விண்ணப்பத்தில் ஜாதி, மதம் கட்டங்களைப் பார்த்துவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸை நிமிர்ந்து பார்த்தேன். "அது ஆபீசுக்கு சார். கிளாஸ்ல நாங்க உயரப்படிதான் உட்கார வைப்போம்," என்றார்.

மாமனார் மறுப்பார் என்று தெரியும். மறுத்தது மனைவி! அதே பள்ளியில் படித்தவள்.

"நான் படிச்சாச்சு, போதும். இன்னைக்கும் யாராவது போன்ல இங்கிலீஷ் பேசினா நெஞ்சு படபடங்குது. என் பிள்ளைக்கும் அது வேணுமா?"

பதில் சொல்ல எனக்கு வாயில்லை. ஊரூட்டம்பலத்தை அவளிடம் எடுத்துவிட்டால், வைத்துக்கொண்டு குழம்பு வைக்க முடியுமா என்பாள். நாலு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அப்புறம் ஒப்பந்தம்: ஒரு வருஷம் பார்ப்போம், இங்கிலீஷுக்கு நான் பொறுப்பு.

முதல் வாரமே மகளுக்கு ஒரு சிநேகிதி. மாமனார் ஜாடையாக விசாரித்தார்: "அது யாரு வீட்டுப் பிள்ளை மக்களே? என்ன ஆளு?"

"அவளா? அவளுக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல பாட்டா!"

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் இங்கிலீஷ் கிளாஸ். டீச்சர் நான். மாணவிகள் இரண்டு பேர்.