சங்கு வந்த வழி

“நம்ம ஊரிலே பட்டாசைத் தவிர என்னப்பா இருக்கு?” என்று அடிக்கடி சலித்துக்கொள்வான் என் மகன். வெம்பக்கோட்டையில் கடல் ஏது? ஆகவே, விடுமுறையில் குழந்தைகளைச் சிப்பிகுளம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அலை ஏன் எழுகிறது, கடல்நீர் ஏன் கரிக்கிறது என்று வழிநெடுகப் பாடம் நடத்தினேன்.

“லீவிலேயும் பள்ளிக்கூடமா?” என்று முகம் சுளித்தான். வாயை மூடிக்கொண்டேன்.

சற்றைக்கெல்லாம் மகள் உடைந்த சங்கு ஒன்றைப் பொறுக்கி வந்தாள்.

“நம்ம ஊரிலே தோண்டி எடுத்தாங்களே வளையல், அது இதிலே செஞ்சதுதானேப்பா?”

ஆமாம்! விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன அல்லவா?

“கடலே இல்லாத ஊருக்குச் சங்கு எப்படி வந்தது?” என்றான் மகன்.

நான் பதில் சொல்லவில்லை. “நம்ம வைப்பாறு எங்கே போய்ச் சேருது?” என்று மட்டும் கேட்டேன்.

இருவரும் ஈர மணலில் ஆற்றைக் கோடாக இழுத்தார்கள். கோடு எங்கள் பக்கத்திலேயே கடலில் முடிந்தது!

“அப்போ ஆத்தங்கரையோடவே கொண்டு வந்திருப்பாங்களோ?” என்றவன், வீடு திரும்பும்வரை நம் ஊரைப் பற்றியே பேசினான்.

நீங்களும் குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகிறீர்களா? புளியோதரையை மறக்காதீர்கள், பாடத்தை மறந்துவிடுங்கள்!