கடல் இருந்த ஊரில் ஒரு டிவி

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சித்தப்பா வீட்டுத் திண்ணையோரம் செருப்புகள் குவிந்துவிடும். அரியலூரில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் டிவி. கறுப்பு வெள்ளை. மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், இழுத்துச் சாத்தப் பலகைக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவி சித்தியின் முந்தானையில். அப்போது அரியலூர், பெரம்பலூர் எல்லாமே திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருடமே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது. நான் சொல்லும் காலத்தில் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. படம் வருமா வராதா என்பதுதான் குழப்பம். மாடியில் ஒருவன் ஆன்டெனா குழாயைப் பிடித்துத் திருகுவான், கீழே ஜன்னலோரம் இன்னொருவன் "வந்துருச்சு, வந்துருச்சு... ஐயோ போயிருச்சு" என்று கத்துவான். மேலே இருப்பவன் கடைசிவரை எதையும் பார்த்ததில்லை.

தூர்தர்ஷனில் அந்த வருடங்களில் வந்த விண்வெளிக் கதைகள் எதுவும் எங்களுக்குப் புரிந்த மொழியில் இல்லை. 'ஸ்டார் டிரெக்' இங்கிலீஷ். 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா' இந்தி. கேப்டன் தாரா என்று ஒருவர் வருவார், அவருடைய எதிரி கண்ணை உருட்டிக்கொண்டு சிரிப்பான். பிள்ளைகள் கம்ப்யூட்டரை வைத்துக் காலத்தில் பயணம் போகும் 'இந்திரதனுஷ்' என்று ஒன்று, 1989இல் வந்தது. அதுவும் இந்திதான். பக்கத்து வீட்டு அக்கா இந்திப் பிரச்சார சபாவில் மத்யமா எழுதியிருந்தாள். அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அவளுடைய மத்யமா இந்திக்கு விண்வெளி கொஞ்சம் தூரம். "அவரு எங்கியோ போகணும்ங்கறாரு... இவரு போகாதேங்கறாரு" என்பாள். இரண்டு கிரகங்களுக்கிடையே நடக்கும் போர் அவள் வாயில் மாமியார் வீட்டுச் சண்டையாகிவிடும். மிச்சத்தை நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டோம். பத்துப் பிள்ளைகள் பார்த்த ஒரே எபிசோடுக்குப் பத்துக் கதை இருக்கும். அதில் சில, ஒளிபரப்பானதைவிட நன்றாகவே இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

சித்தப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எங்கள் ஊரைச் சுற்றிப் பேக்டரிகளுக்கா பஞ்சம்? யாரும் அதைச் சுரங்கம் என்று சொல்வதில்லை, "மைன்ஸ்" என்றுதான். காக்கிச் சட்டையின் மடிப்புகளில் வெள்ளைத் தூசி இருக்கும். ஈஸிசேரில் சாய்ந்து எங்களோடு டிவி பார்ப்பார். பார்ப்பது போல இருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது.

ஒரு நாள் திரையில் ஒரு கப்பல் வெடித்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். சித்தப்பா, "சத்தம் எப்படிடா கூடவே வந்துச்சு?" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்த லீவு நாளில் எங்களை மைன்ஸ் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். தூரத்து மேட்டில் நிறுத்தினார். சங்கு ஊதினார்கள். வெடி போடுகிற நேரம். முதலில் எதிர்க்கரையில் கல்லும் தூசியும் எழும்பின, சத்தமே இல்லாமல். அடுத்து உள்ளங்காலில் ஒரு குலுங்கல். அதற்கும் பிறகுதான் காதில் டொம் என்று வந்து விழுந்தது. காற்றில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், பாறைக்குள் அதைவிடப் பல மடங்கு வேகம், அதனால்தான் காலுக்கு முதலில் தெரிகிறது, காதுக்குப் பிறகு என்றார். "இங்கியே இப்படி. காத்தே இல்லாத எடத்துல அந்தச் சத்தம் எதப் புடிச்சுக்கிட்டு வருது? வந்ததுதான் வந்துச்சு, கொஞ்சம் லேட்டாவாவது வரக்கூடாதா?"

அன்றிலிருந்து எங்களுக்கு டிவி பார்ப்பது வேறு வேலையாகிவிட்டது. தப்புக் கண்டுபிடிக்கும் பைத்தியம் பிடித்தது. கப்பலுக்குள் எல்லோரும் தரையில் நடக்கிறார்களே, மிதக்க வேண்டாமா? வேற்றுக்கிரகத்து ஆள் எப்படி இங்கிலீஷ் பேசுகிறான்? நாங்களே பேசுவதில்லையே? இப்படிக் கத்திக்கொண்டே இருந்தோம். சித்தப்பாவுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "அதையெல்லாம் உடுங்கடா, கத பாக்கணும்ல" என்றார். சத்தத்தைக் கேலி செய்தவரே இப்படிச் சொன்னது அப்போது எங்களுக்கு அநியாயமாகப் பட்டது.

அவருடைய எரிச்சல் எங்கே உண்மையாகக் கிளம்பும் என்பதை 'ஸ்டார் டிரெக்'கில்தான் பார்த்தேன். ஆட்கள் ஒரு மேடையில் நிற்பார்கள், மினுமினுத்துக் கரைவார்கள், கீழே கிரகத்தில் போய் முளைப்பார்கள். இது நடக்காது என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சரி, அவனுக்கு அப்படி ஒரு மெஷின் இருக்கு, ஒத்துக்கிட்டேன் என்பார். கேப்டன் ஏதோ கொட்டடியில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது கால் மேல் கால் போட்டுக்கொண்டு கேட்பார்: "அந்த மெஷின் எங்கடா? போன வாரம் இருந்துச்சே?" ஏதாவது புயல் வந்திருக்கும், இல்லை மெஷின் கெட்டுப்போயிருக்கும். "எப்பல்லாம் தேவையோ அப்பல்லாம் ரிப்பேரா?"

ரொம்ப வருடம் கழித்துப் படித்தேன். அந்தத் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, வாராவாரம் ஒரு கப்பல் கிரகத்தில் இறங்குவதைப் படமெடுக்கக் காசு கட்டுப்படியாகாது என்றுதான் இந்தக் கரையும் மெஷினை யோசித்தாராம். பட்ஜெட்டில் பிறந்த கருவி. ஆனால் பிறந்தபின் அது எழுத்தாளர்களின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நினைத்த இடத்திலிருந்து நினைத்த நேரத்தில் தப்ப முடிகிறவனுக்கு ஆபத்து ஏது? ஆபத்து இல்லாமல் கதை ஏது? ஆகவே நல்ல எழுத்தாளர் கிடைத்த வாரம் அந்த மெஷினே கதையாகும். சுமாரான வாரம் அது ரிப்பேராகும். சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர், இங்கிலீஷும் அரைகுறையாகவே தெரிந்தவர், அதை அப்போதே பிடித்திருந்தார். விஞ்ஞானம் தப்பாக இருந்தால் சிரிப்பார். தானே போட்ட விதியைக் கதை மறந்துவிட்டால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

அவர் எழுந்து போகாத ஒன்று தமிழில் வந்தது. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் நாடகமானது. விகடன் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருந்தார் சித்தப்பா. நாடகம் ஓடும்போது அந்தப் புத்தகம் அவர் மடியில் இருக்கும், பரீட்சை பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி. சுஜாதா மேல் எங்கள் வீட்டில் ஓர் உரிமை உண்டு. அரியலூரில் ரயில் ஏறினால் டால்மியாபுரம், லால்குடி தாண்டி ஸ்ரீரங்கம். அவர் வளர்ந்த ஊர். அந்த ஊர்ப் பையன் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் என்ஜினீயர் என்பதை, ஏதோ சொந்தக்காரர் வேலைக்குப் போன மாதிரிச் சொல்வார் சித்தப்பா.

முதல்முறையாக வசனம் காதில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு வேலை போயிற்று. வருங்கால இந்தியாவை ஜீவா என்பவன் ஆள்கிறான். பிள்ளை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. நிலா, சிபி, ரவி. தெருவில் நாங்களும் எங்கள் பெயர்களை வெட்டிக்கொண்டோம். அப்பாயிக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கத் துணியவில்லை. புத்தகம் படிக்கிற, வாய்த் துடுக்கு நிறைந்த ஜீனோ என்ற இயந்திர நாய்தான் எங்கள் எல்லோருக்கும் உயிர். திரையில் வந்த ஜீனோ, பைண்டுப் புத்தகத்தில் நான் பார்த்த ஜீனோ அளவுக்கு இல்லை. எதுவுமே அப்படி இருந்திருக்காது.

ஆட்சி செய்யும் ஜீவா நிஜ மனிதனே இல்லை, லேசர் ஒளியில் எழுப்பிய ஹோலோகிராம் உருவம் என்று வரும் இடத்தில் நான் சித்தப்பாவைத்தான் பார்த்தேன். அசந்துபோயிருந்தார். உடனே புத்தகத்தைப் பிரித்துப் பின்னால் போனார். ஜீவாவை யாராவது தொட்டார்களா? யாராவது பக்கத்தில் போனார்களா? ஒரு மணி நேரம் தேடியிருப்பார். "எங்கியும் வழுக்கலடா" என்றார். அந்தக் காலத்து லேசரை வைத்து அப்படி நடமாடிப் பேசும் உருவத்தை எழுப்ப முடியாது என்பது அவருக்கும் தெரியும். இன்றைக்கும் அது அத்தனை சுலபமில்லை. ஆனால் உருவம் இருக்கும், தொட்டால் அகப்படாது என்ற ஒற்றை விதியை வைத்து, அதிலிருந்து ஒரு தேசத்தின் பயத்தையே கட்டியிருந்தார் சுஜாதா. தெரியாத விஞ்ஞானத்தை எழுதுவதற்குத் தெரிந்த விஞ்ஞானத்தைவிட ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

ஒழுங்கு என்றதும் எனக்குச் சித்தப்பாவின் மைன்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. படிக்கட்டு படிக்கட்டாக வெட்டி இறங்குவார்கள், ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச். 'இந்திரதனுஷ்' பார்த்துவிட்டு நான் கால இயந்திரம் வேண்டும் என்று அழுதேனாம். அவர் என்னைக் கீழ் பெஞ்சுவரை கூட்டிப் போய், "இந்தா, இறங்கி வந்தாச்சு, ஆறேழு கோடி வருசம்" என்றாராம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் ஏறி வந்து நின்ற இடம். பிரிட்டிஷ் காலத்தில் 1860களிலேயே பிளான்ஃபோர்டு என்பவர் வந்து அடுக்கடுக்காக வரைந்து எழுதிவைத்துவிட்டார். காரை என்ற ஊர்ப் பக்கம் போனால் செம்மண்ணும் களிமண்ணும் அரித்து, நரிப்பள்ளமும் குன்றுமாகக் கிடக்கும், வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணைக் கூசச் செய்யும். எந்த விண்வெளித் தொடருக்கும் செட்டு போட வேண்டாம், அப்படியே படம்பிடிக்கலாம். துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கற்கள் பொறுக்குவோம். பெலம்னைட். சுருண்ட கல் ஒன்று கிடைத்ததை அப்பாயி வாங்கி, சாளக்கிராமம் என்று சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். நான் நத்தை என்றேன். சித்தப்பா, "நத்தை இல்ல, அம்மோனைட். கணவாய் சாதி. தோட்டாவும் அதே சாதிதான்" என்றார். அப்பாயி, "கணவாயோ கருவாடோ, பெருமாள் பெருமாள்தான்" என்று பூ வைத்தாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமங்களும் அம்மோனைட்டுதான்.

சாத்தனூர் கல்மரத்தையும் அவர்தான் காட்டினார். பெரம்பலூரிலிருந்து பஸ், பிறகு நடை. 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் மரம், தட்டினால் கல். 1940இல் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 12 கோடி வருடம் பழசு என்கிறார்கள். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்தைய சாதி. கரையில் நின்ற மரம் வெள்ளத்தில் அடித்துப் போய்க் கடலில் புதைந்து கல்லானது. பையன்களுக்கு ஏமாற்றம். நாங்கள் எதிர்பார்த்தது டைனோசர்.

அதுவும் இருந்தது. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்று எழுதினார்கள். பிறகு தழை தின்னும் நீண்ட கழுத்துக்காரன் என்று மாற்றினார்கள். அந்த எலும்புகள் பாதுகாக்கப்படும் முன்பே நொறுங்கிப் போயின. உலகத்திலேயே பெரிய உயிர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டது எங்கள் பக்கத்து மண்ணில் கிடைத்து, மண்ணாகவே போனது. இதை ஒரு தொடராக எவரும் எடுக்கவில்லை. 'ஜுராசிக் பார்க்' பார்த்தபோது சித்தப்பா முணுமுணுத்தார்: "இவ்வளவு செலவு பண்ணி பேரத் தப்பா வச்சிருக்கான். அந்தப் பெரிய பல்லுக்காரன் ஜுராசிக் இல்லடா, கிரிட்டேசியஸ். நம்ம காலம்." நம்ம காலம் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிதப்பு.

2009இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தபோது அவர் ரிட்டயராகியிருந்தார். பேப்பரை வெட்டி, பழைய விகடன் பைண்டுக்குள் சொருகி வைத்தார். 2020இல் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைகள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. செல்போனில் படம் சுற்றியது, ஜனம் கூடியது. பார்க்க வந்த நிபுணர்கள், அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டைகள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே சித்தப்பா எனக்குப் போன் போட்டார்.

"டிவி போட்டியா?"

"போட்டேன் சித்தப்பா. முட்டைங்கறாங்க."

"குன்னம் கடலுதானடா? கடலுக்குள்ள எறங்கிப் போயி எந்த டைனோசர்டா முட்ட போட்டுச்சு? கத எழுதுனவன் அதையாச்சும் யோசிச்சிருக்க வேணாமா?"