வர்க்கி நமத்துப் போவதற்குள்

இன்னும் ரெண்டு நாள்தான் என்ற நினைப்பு வந்ததுமே கடிகாரத்துக்குக் கால் முளைத்துவிடுகிறது. குன்னூரில் வந்திறங்கிய அன்று, "அஞ்சு நாள் இங்க என்ன பண்றது?" என்று சலித்துக்கொண்டவள் நான்தான். நான்காம் நாள் விடிகாலை நாலரை மணிக்கு ரெண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, போதாததற்கு இவருடைய மப்ளரையும் சுற்றிக்கொண்டு, ஊட்டிப் பக்கம் தலைகுந்தா போகிற காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தேன். உறைபனி பார்க்க வேண்டும்!

எனக்கு ஊர் உச்சிப்புளி. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழி. ஒரு பனைமரம் ஏறினால் கடல் தெரியும். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழியில் வாசல் தெளிக்கும்போது ஒரு தும்மல் வரும், அவ்வளவுதான். நான் வெளிநாடு போனதில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் கார்காரர் "இ-பாஸ் எடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்டபோதே அந்தக் குறை தீர்ந்துவிட்டது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வண்டியில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அது கட்டாயம். சோதனைச் சாவடியில் செல்போனைக் காட்டிவிட்டு, விசா அதிகாரி முன்னால் நிற்கிற பவ்யத்தோடு நின்றேன். மலை ஏற ஏற காற்றெல்லாம் கற்பூர மரவாசனை. தைலம் காய்ச்சுகிற மரத்துக்கு இங்கே அந்தப் பெயர். யாருக்கோ ஜலதோஷம் பிடித்த வீட்டுக்குள் நுழைந்தது போலவே இருந்தது எனக்கு.

தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. உப்பளத்துப் பக்கம் பிறந்தவளுக்கு உவமையும் அப்படித்தான் வரும். குனிந்து ஒரு பிடி அள்ளினேன். உப்பென்றால் கையில் ஒட்டும். இது விரல் பட்டதும் தண்ணீராகி, நகக்கண்ணில் ஊசியாகக் குத்தியது. பாதையோரம் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் என் மகன் விரலால் தன் பெயரை எழுதினான். வெயில் ஏறியதும் பெயரும் போயிற்று, சீட்டும் ஈரமாயிற்று. வண்டிக்காரர் வந்து எங்களை முறைத்தார்.

டீக்கடையில் ஆவி பறக்க வாங்கிய கிளாஸ், நாலு வாய் குடிப்பதற்குள் ஆறிப்போனது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிவரை காத்திருக்காமல் 92, 93-லேயே கொதித்துவிடுகிறது. எங்கள் வாடகை வீட்டில் முதல் நாள் வடித்த சோறு நறுக் நறுக்கென்று இருந்ததன் மர்மம் அப்போதுதான் விளங்கியது. இவர் அரிசியைத் திட்டியிருந்தார். நான் அடுப்பைத் திட்டியிருந்தேன்.

அன்று மத்தியானம் சிம்ஸ் பூங்காவைப் பார்த்தோம் (அழகுதான், கூட்டமும் அதைவிட). இவரும் மகனும் தூங்கப் போனதும், நான் மட்டும் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு முதுகு. யாரோ எருமையை அவிழ்த்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, ஊர் வழக்கப்படி "ஹேய், ஹேய்" என்று கையை வீசினேன்.

"ஏம்மா! அது காட்டெருமை. ஆடாம அசையாம நில்லு."

குரல் செடிக்குள்ளிருந்து வந்தது. நின்றேன். நிற்காமல் என்ன செய்ய, கால் வந்தால்தானே! அது தலையைத் தூக்கி, வெள்ளை சாக்ஸ் போட்டது போன்ற கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மறுபக்கம் இறங்கிப் போனது. எங்கள் வீட்டுத் திண்ணையை எடுத்து நடக்கவிட்ட மாதிரி உருவம்.

குரலுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், முதுகில் பை. பேசிக்கொண்டே கொழுந்து எடுத்தார். ரெண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. கட்டைவிரல் அழுத்துகிறது, கை நிறைகிறது, திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீசினால் சரியாகப் பைக்குள் விழுகிறது. விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்புக் கோடாக ஏறியிருந்தது. நானும் ஆசையாக ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன். "இது முத்தல்" என்று கீழே போட்டுவிட்டார்.

"எந்த ஊரும்மா?"

"உச்சிப்புளி. ராமேஸ்வரம் போற வழி."

கை நின்றது. "மண்டபம் கேம்ப் பக்கமா?"

எனக்குக் கேம்ப் என்றால் பஸ் ஸ்டாப். "கேம்ப்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்துவார், அவ்வளவுதான். இந்த மலையில், இந்தக் குளிரில் அந்தப் பெயரைக் கேட்டதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அவர். நுவரெலியாவில் பிறந்தவர். பத்து வயதில், எழுபதுகளின் தொடக்கத்தில், ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

"மணல்ல கால வச்சேன் பாரு, செருப்பு கிடையாது. குதிச்சேன்! எங்கம்மா நெசமாவே கேட்டுச்சு, இந்த ஊர்ல மனுசங்க இருக்காங்களான்னு."

"இருக்கோம்மா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பனைமரத்தை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லையாம். உச்சந்தலையில் மட்டும் முடி வளர்ந்த மரம் என்று தம்பியும் அவரும் சிரித்தார்களாம். "அங்கேருந்து கொண்டாந்த நல்ல தூளு. உங்க ஊரு தண்ணியில போட்டா உப்பு. எங்கப்பா ஒரு வாய் குடிச்சிட்டு கீழ வச்சிருச்சு. மூணு நாள் டீயே கேக்கல."

அவர்களைப் போலத் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட ஆரம்பித்தது. டான்டீ என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், இப்போது சிறு விவசாயிகளின் தோட்டத்தில் நாள் கூலி.

"பஸ்ஸு மேல ஏற ஏறத்தான் எங்கம்மாவுக்கு மூச்சே வந்துச்சு. இதையும் இந்தியான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" சற்று நேரம் கழித்து, "கேம்ப் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. சண்டைக்குத் தப்பி வந்தவங்க இருக்காங்க."

"ம்" என்று அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

கடைசி நாள் வழக்கம்போல் கடை கடையாக ஏறி இறங்குவதில் போனது. தைலம், தூள், கேரட் கட்டு. மொறுமொறு வர்க்கி பிஸ்கட் விற்கிற கடையில் விறகடுப்பிலிருந்து இறக்கிய தட்டைப் பார்த்து, ஒரு வாரத்துக்கு வருமென்று ரெண்டு கிலோ கேட்டேன். கடைக்காரர் நல்லவர். "ராமநாதபுரமா? அந்தக் கடல் காத்துல ரெண்டே நாள்ல நமத்துருங்க. அரைக் கிலோ போதும்." நான் ரெண்டு கிலோவே வாங்கினேன்.

மலை ரயிலில் குன்னூரிலிருந்து இறங்கினோம். 1899 முதல் இந்தப் பாதையில் ஓடுகிறது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தண்டவாளத்தின் நடுவே பல்வரிசை, அதைக் கடித்துக் கடித்துத்தான் என்ஜின் போகிறது. ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும் என்ஜின், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொள்கிறது. நடக்கிறவன்கூட ஜன்னலோடு பேசிக்கொண்டே வரலாம் போன்ற வேகம். ரன்னிமேட்டில் மப்ளரைக் கழற்றினேன். ஹில்குரோவில் குரங்குகளுக்கு முன்னால் சால்வை. அடர்லி தாண்டியதும் ஒரு ஸ்வெட்டர். காது அடைத்துத் திறந்தது.

கல்லாறு வந்தபோது பாக்குத் தோப்புகளுக்குள்ளிருந்து வெக்கை வந்து முகத்தில் அடித்தது. ரெண்டாவது ஸ்வெட்டரையும் உருவிக்கொண்டே, அந்த அம்மாவின் தாயாரை நினைத்தேன். இதே மலையில் ஏறும்போது அவருக்கு வந்த மூச்சு, எனக்கு இறங்கும்போது வந்தது. ஐந்து நாளாக இழுத்துப் பிடித்திருந்த தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. ஊட்டியை ஆகா ஓகோ என்று சொன்னவளுக்கு இதை இவரிடம் சொல்ல வெட்கம். பேசாமல் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"வீட்டுக்குன்னு சொன்னே?" என்றார்.

"நமத்துரும்" என்று சொல்லி, அவர் கையிலும் ரெண்டு வைத்தேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஒரு கிலோ காலி.