எதிர்ப்பக்கத்தில் ஒரு மறுமொழி

குறைகூறும் கடிதங்களுக்கு மறுமொழி வரைவது என் தொழில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து ஏறத்தாழ 18 ஆண்டுகளாக இதையே செய்து வருகிறேன். 'தங்கள் கடிதம் கிடைத்தது', 'தக்க நடவடிக்கைக்காக உரிய பிரிவிற்கு அனுப்பப்பட்டுள்ளது', 'விதிகளில் இடமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' ஆகிய மூன்று வாக்கியங்களுக்குள் உலகத்துக் குறைகள் யாவற்றையும் அடக்கிவிடலாம். தவறு யாருடையது என்ற கேள்வி அவற்றுள் எதிலும் எழாது. இக்கலையில் நான் தேர்ந்தவன் என்றொரு செருக்கு எனக்கு இருந்தது. அதனை அடக்கியது, குமாவுன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த கடிதம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம். தில்லியின் வெயிலைப் பற்றி இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. பள்ளிகள் மூடியதும், மனைவி, இரு குழந்தைகள், என் தாயார் ஆகியோருடன் நைனிதால் மாவட்டத்து மலையூர் ஒன்றில் நான்கு நாள் தங்குவதென முடிவாயிற்று. ரயில் காட்கோதாமுடன் நின்றுவிடும். அதற்குமேல் ஜீப்பில் மலையேற வேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான ஓர் அம்மையார் தம் வீட்டின் மாடி அறைகள் இரண்டினை வெளியூரார்க்கு வாடகைக்கு விட்டுவந்தார். பனிமலைச் சிகரங்கள் வரிசையாய்த் தெரியும் நிழற்படம் ஒன்றையும் முன்னரே அனுப்பியிருந்தார்.

சென்றோம், சிகரம் எதையும் காணவில்லை. நான்கு நாளும் புகைமண்டலமே கண்டோம். குழாயில் காலையில் ஒரு மணிநேரம் நீர் கசிந்தது. பிறகு அறைக்கு இரண்டு வாளி, அவ்வளவே. இரவு உணவுக்குக் கறுத்த ரொட்டி வந்தது. குழந்தைகள் அதைத் தொடவில்லை. பணம் கொடுத்துத் துன்பத்தை வாங்கினோமே என்று எனக்குள் கனன்றது. புறப்படும் நாளன்று, விருந்தினர் கருத்தெழுதும் குறிப்பேட்டில், அலுவலகக் குறிப்பைப் போலவே 1, 2 என்று எண்ணிட்டு, இரண்டு பக்கம் எழுதினேன். 'வருபவரிடம் பணம் பறிப்பதொன்றே இவ்வில்லத்தாரின் நோக்கம்' என்று முடித்துக் கையொப்பமிட்டு, முகவரியும் குறித்தேன்.

அத்துடன் நின்றேனில்லை. தசரா விடுமுறைக்கு அவ்வீட்டிற்கே செல்ல எண்ணி முன்பணமும் கட்டியிருந்த நண்பர் குடும்பங்கள் இரண்டிடமும் நடந்ததைச் சுவைபடச் சொன்னேன். இரு குடும்பத்தாரும் பயணத்தைக் கைவிட்டனர். ஒரு நற்பணி செய்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்கடிதம் அஞ்சலில் வந்தது. திருத்தமான இந்தி, ஆசிரியையின் கையெழுத்து. நான் எண்ணிட்டிருந்த வரிசையிலேயே அவரும் எண்ணிட்டிருந்தார். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

'ஒன்று, தண்ணீர். கோடையில் எங்கள் ஊரில் நீர்ப்பஞ்சம் உண்டு என்பதை முன்பே தங்களுக்குச் சொல்லாதது என் தவறு. சொன்னால் வரமாட்டீர்களோ என்று அஞ்சினேன். அதற்காக ஒரு நாள் வாடகையை, முன்பணம் வந்த கணக்கிற்கே திருப்பி அனுப்பியுள்ளேன். இரண்டு, சிகரங்கள். புகை என் கையில் இல்லை. ஆனால் நவம்பர் மாதத்தில் எடுத்த படத்தை மே மாதத்தில் வருபவருக்கு அனுப்பியது நேர்மையன்று, இனி அனுப்பமாட்டேன். மூன்று, ரொட்டி. அது மடுவா மாவு. மலைநாட்டில் நாங்கள் விரும்பி உண்பது. எனினும் குழந்தைகளுக்குப் பிடிக்குமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

'நான்காவதாக என் நோக்கம் பற்றி எழுதியுள்ளீர்கள். இதை மட்டும் நான் ஏற்கவில்லை. மற்றவை என் வீட்டைப் பற்றியவை. இது என்னைப் பற்றியது. என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் விடை கூறியிருப்பேன். தங்கள் பக்கங்களை நான் கிழிக்கவில்லை. அவற்றிற்கு எதிர்ப்பக்கத்தில் இம்மறுமொழியையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வருபவர் இரண்டையும் படித்துக்கொள்ளட்டும்.'

கடிதத்தை உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னேன். பாதி சமாதானமும் பாதி சினமுமாக இருந்த என்னைப் பார்த்து, அதுவரை பேசாதிருந்த என் தாயார் கேட்டார்:

"அந்த ரெண்டு வாளித் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சே? விடியுமுன்னே அந்த அம்மாதான் பள்ளத்துக்கு இறங்கித் தலையில சுமந்துட்டு வந்தாங்க. நான் திண்ணையில உக்காந்து தினமும் பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நீ எழுதினதை எங்கிட்டச் சொன்னியா? அந்த ரொட்டியும் கேப்பைதானப்பா. உங்க அப்பத்தா களி கிண்டிப் போட்டதை மறந்துட்டியா?"

என் தாயார் முதுகுளத்தூர்ப் பக்கத்து வறண்ட ஊரில் பிறந்தவர். சிறு வயதில் ஒரு குடம் நீருக்கு ஊருணி தேடி நடந்தவர். இந்தி அறியாத அவரும் தமிழ் அறியாத அவ்வம்மையாரும் கையசைவிலேயே நான்கு நாள் உறவாடியிருக்கின்றனர். இரு மொழியும் கற்ற நானோ, ஒரு கேள்வியும் கேளாமல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அதன்பின்னரே அவ்வூரின் நீரைப் பற்றி அறிய முற்பட்டேன். குமாவுன் மலையூர்களில் 'நௌலா' என்றொரு நீர்நிலை உண்டு. ஊற்றுநீர் கசிந்து தேங்குமாறு கல்லால் படிகட்டி, மேலே கூரையும் அமைத்த சிறு தொட்டி அது. மழைநீர் மண்ணில் இறங்கி, பாறை இடுக்குகளில் தங்கி, மெல்லக் கசிந்தால்தான் அது நிறையும். 'பாஞ்ச்' எனப்படும் ஓக் மரக்காடு அந்நீரைத் தாங்க உதவுவது. அம்மரங்கள் குறைந்து பைன் மரங்கள் மிகுந்த சரிவுகளில், உதிர்ந்த ஊசியிலைகள் கோடையில் எளிதில் தீப்பற்றுகின்றன. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் நைனிதாலை அடுத்த காடுகளில் பரவிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டரே வர நேர்ந்தது. நான் பழித்த புகையின் காரணம் நாளேடுகளில் வந்த செய்திதான், படித்து மறந்திருந்தேன். இமயமலைப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றிவருவதாக நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆக, அறைக்கு இரண்டு வாளி என்பது கஞ்சத்தனமன்று. தம் வீட்டுப் பங்கிலிருந்து அவர் எங்களுக்கு ஈந்தது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறளும் விருந்தை ஏற்கும் வீட்டாரை நோக்கியவை. விருந்தினன் முகம் எத்துணை எளிதில் வாடும் என்பதற்கு அனிச்ச மலரையே உவமை காட்டினார். வீட்டார் முகமும் வாடும் என்பதை விருந்தினனாகச் செல்பவன் தானே உணர்ந்துகொள்ள வேண்டும் போலும். வாடகை கொடுத்துவிட்டோம் என்பதால் அக்கடன் தீர்ந்துவிடாது. குறைகூறும் உரிமை எனக்கு இருந்தது. முதல் மூன்றையும் அவரே ஒப்புக்கொண்டார். கேட்டறியாமல் ஒருவர் உள்ளத்திற்குத் தீர்ப்பெழுதும் உரிமைதான் எனக்கு இல்லை.

அன்றிரவே விடை எழுதினேன். நான்காவது குறையைத் திரும்பப் பெறுவதாகவும், அதை என் பெயராலேயே குறிப்பேட்டில் சேர்க்குமாறும் வேண்டினேன். ஒரு நாள் வாடகையைத் திருப்பி அனுப்பியபோது அவர் ஏற்கவில்லை. 'அது என் தவறுக்குரியது' என்று ஒரே வரி வந்தது. நண்பர் வீடுகளுக்கு நேரில் சென்று முழுக்கதையையும் சொன்னேன். ஒரு குடும்பம் மனம் மாறி அக்டோபரில் அங்கே சென்று மகிழ்ந்து திரும்பியது. மற்றொரு குடும்பம் அதற்குள் வேறிடம் முடிவு செய்திருந்தது. அவ்வம்மையார் என்னால் இழந்த அந்த வருவாய் இழந்ததுதான்.

அலுவலகத்தில், ஓய்வூதிய நிலுவை கேட்டு ஒரு முதியவர் எழுதிய மூன்றாவது கடிதம் அண்மையில் என் மேசைக்கு வந்தது. கோப்பைப் புரட்டினேன், ஏழு மாதம் அது எங்கள் பிரிவிலேயே கிடந்திருக்கிறது. 'இத்தாமதம் எங்களுடையது, வருந்துகிறோம்' என்று வரைவின் முதல் வரியாக எழுதி மேலே அனுப்பினேன். மேலதிகாரி அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பினார். நிலுவைத் தொகை மட்டும் அவ்வாரமே முதியவரைச் சென்றடைந்தது.

அடுத்து வந்த கடிதத்திற்கான வரைவிலும், தவறு எங்களுடையது என்று கண்டதால், அவ்வரியையே முதலில் எழுதி அனுப்பியிருக்கிறேன். கோப்பு இன்னும் திரும்பவில்லை.