பழைய கதவிலக்கம்

எங்கள் இல்லத்தில் 2010-ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி ஒன்று உண்டு. அதன் மூடி ஓரத்தில் உடைந்திருக்கிறது, யூ.எஸ்.பி. துளைகள் பழுதாகிவிட்டன. ஆயினும் அதைக் கைவிட எங்களுக்கு மனம் வரவில்லை. காலஞ்சென்ற எங்கள் அன்னையார் பேரப்பிள்ளைகளுக்குத் தம் இளமைக் கதைகளைச் சொன்ன குரற்பதிவு அதில் மட்டுமே இருந்தது.

அதனை வீட்டு வைஃபை வழியே புதிய கணினிக்கு மாற்ற, சென்ற மாதம் ஒரு மாலை முயன்றோம். வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரிந்தது. ஆனால் புதிய கணினியை மட்டும் அது காணவே இல்லை. "இதன் காலம் முடிந்துவிட்டது, அப்பா. தூக்கிப் போட்டுவிடலாம்" என்றான் மகன். எங்களுக்கும் சலிப்புத்தான். எனினும் ஒவ்வொரு படியாகச் சோதிப்போம் என்று கணவனும் மனைவியுமாக அமர்ந்தோம்.

முதலில், மடிக்கணினி தன்னோடு தான் பேசுகிறதா என்று பார்த்தோம். 127.0.0.1 என்னும் எண் எந்தக் கணினியிலும் அதனையே குறிக்கும். 'பிங்' கட்டளையால் அந்த எண்ணை அழைத்தோம். நான்கு முறையும் விடை வந்தது. உள்ளே குறையில்லை. அடுத்து 192.168.1.1 என்ற எங்கள் ரவுட்டரை அழைத்தோம், விடை இல்லை.

பின்னர் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையால் மடிக்கணினியின் சொந்த முகவரியைக் கேட்டோம். 192.168.0.10 என்றது! அப்போதுதான் தெளிவு பிறந்தது. எங்கள் வீட்டைப் போன்ற சிறு வலையமைப்பில், முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால்தான் கருவிகள் ஒன்றையொன்று நேரடியாக அடையும். புதிய ரவுட்டர் வழங்குவனவோ 192.168.1 என்று தொடங்குபவை. வழக்கமாக ரவுட்டரே ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்கிவிடும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன், அச்சுப்பொறியைப் பகிர்வதற்காக, மாறாத முகவரி ஒன்றை எழுதி வைத்தவர்கள் நாங்களே. ரவுட்டர் மாறியது, எழுதியதை நாங்கள் மறந்தோம். மடிக்கணினியோ நாங்கள் சொன்ன சொல்லைத் தட்டாமல் பழைய கதவிலக்கத்தையே பற்றிக்கொண்டிருந்தது.

முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றினோம். சில நொடிகளில் புதிய முகவரி கிடைத்தது; ரவுட்டரும் விடையளித்தது. கோப்புப் பகிர்வை இயக்கியதும் பதிவு புதிய கணினிக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவு அன்னையாரின் குரலை அனைவரும் கூடியிருந்து கேட்டோம். தூக்கிப் போடலாம் என்ற மகனே இன்னொரு முறை கேட்போம் என்றான்.

அந்த மடிக்கணினியில் உள்ள விண்டோஸ் 7-க்கு, வீட்டுப் பயனாளருக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றுவிட்டன. ஆதலால், வேலை முடிந்ததும் வைஃபையிலிருந்து அதனைப் பிரித்து, துணி சுற்றி அலமாரியில் வைத்தோம்.

அன்பு வாசகர்களே, பேச்சு அறுந்துபோன இடத்தில் பழையதன்மேல் பழி சுமத்துவது எளிது. நாமே எழுதி நாமே மறந்தது ஏதேனும் உண்டோ என்று முதலில் பார்ப்போமாக.