வெற்றிலைக் கொடிக்கால் ஊரில் ஒரு பால்சா விமானம்: சோழவந்தான் விசிட்!

மதுரையிலிருந்து வடமேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். சமயநல்லூர், திருவேடகம் தாண்டினால் சோழவந்தான் வந்துவிடும். வைகைக் கரை ஊர். தென்னை, வாழை, நெல்வயல், நடுநடுவே பச்சைச் சுவர் எழுப்பியது மாதிரி வெற்றிலைக் கொடிக்கால். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலை இங்கேதான் விளைகிறது.

இந்த முறை சித்தி வீட்டுக்குப் போனபோது திண்ணையில் வெற்றிலைக் கட்டுக்குப் பக்கத்தில் வேறொரு பொருளும் கிடந்தது. வெளிறிய நிறத்தில், அப்பளம் மாதிரி மெல்லிசான மரத்தகடு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

"பால்சாக்கா. கிளைடர் செய்யுறேன்" என்றான் தம்பி.

கல்லூரியில் என்.சி.சி விமானப் பிரிவில் இருக்கிறான். ஏரோமாடலிங் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குத் தனிப் போட்டியே உண்டு. அதற்கான தேர்வுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. முதலில் செய்த இறக்கை முறுக்கிக்கொண்டுவிட்டதால், மீதமிருந்தது ஒரே ஒரு தகடு. புதிதாக ஆர்டர் போட்டால் கூரியர் வர ஒரு வாரம் ஆகும்.

காற்று மாதிரி ஒரு மரம்

பால்சா தென் அமெரிக்க மரம். உலகத்துக்கே அதிகம் அனுப்புவது ஈக்வடார். நட்ட ஆறேழு வருடத்தில் வெட்டலாம். 'பால்சா' என்றால் ஸ்பானிஷ் மொழியில் தெப்பம். 1947-ல் தோர் ஹையர்டால் குழுவினர் ஒன்பது பால்சா கட்டைகளைக் கட்டி 'கோன்-டிக்கி' தெப்பம் செய்து, பெரு நாட்டிலிருந்து 101 நாள் பசிபிக் கடலில் மிதந்து போனார்கள்.

ஒரு கன மீட்டர் தேக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும். பால்சா சராசரியாக 160 கிலோதான். தம்பி கையிலிருந்த தகடு ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். கணக்குப் போட்டால் சுமார் 24 கிராம்!

அழுத்தினால் நசுங்கும்

இந்த மரத்தை வெட்ட பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. புது பிளேடு போட்டு, ஸ்டீல் ஸ்கேலை அணைத்துப் பிடித்து, முதல் இழுப்பில் கோடு மட்டும் போட வேண்டும். அதே கோட்டில் மூன்று நான்கு முறை லேசாக இழுத்தால் தானாகப் பிரிந்து வரும். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்த்தால் ஓரம் நசுங்கும். இல்லையென்றால் மரத்தின் நார் ஓடும் பக்கம் பிளேடு ஓடிவிடும்.

நார் திசை முக்கியம். இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் விலா எலும்பு போன்ற துண்டுகளுக்கு 'ரிப்' என்று பெயர். அவற்றில் நார் முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிஸ்கட் மாதிரி உடையும். தகட்டிலும் ரகம் உண்டு. நீளக் கோடுகள் தெரிவது வளையும், உருண்டையான பாகத்துக்கு ஏற்றது. செதில் செதிலாக மினுங்குவது விறைப்பானது, ரிப் வெட்டத் தோதானது.

ரிப் எல்லாம் ஒரே அளவாக வர ஒரு வழி இருக்கிறது. கெட்டியான பிளைவுட்டில் இரண்டு அச்சு வெட்டி, நடுவே பால்சா துண்டுகளை அடுக்கி, குண்டூசி குத்தி, மொத்தமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். குச்சி நுழையும் காடியை ஒரு நூல் சின்னதாகவே வெட்டி, பிறகு தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குறைவாக வெட்டினால் தேய்த்துக்கொள்ளலாம். அதிகமாக வெட்டினால் அந்தத் துண்டு போச்சு!

சித்தப்பா சொன்ன கட்டு

தம்பியின் முதல் இறக்கை ஏன் முறுக்கியது? இடைவெளி விழுந்த இடத்தில் பசையை ரொப்பி, பொருந்தாத இடத்தில் வளைத்துப் பிடித்து ஒட்டியிருந்தான். பசை காய்ந்ததும் மரம் தன் பழைய நிலைக்கு இழுத்துவிட்டது.

சித்தப்பா கொடிக்காலிலிருந்து வந்தார். அகத்தியை முதலில் வளர்த்து, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, வாழை நாரால் கட்டுவார்கள். இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இறுக்கிக் கட்டுனா கொடி அறுந்துரும்டா. அணைச்சு நிப்பாட்டுறதுக்குத்தான் கட்டு. கணுவுல வேர் விட்டு அதுவாப் பிடிச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பெரிய விமானத்துக்கும் இதே கதை நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் 'மாஸ்கிட்டோ' மர விமானம். அதன் உடல் பகுதி, பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்தது. 1944-ல் இந்தியா, பர்மா பக்கம் சில மாஸ்கிட்டோக்கள் விழுந்தன. நம்ம ஊர் வெயிலும் மழையும் பசையைக் கெடுத்துவிட்டன என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு நடந்த விசாரணையில், மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே குறை இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய விதமே சரியில்லை என்று தெரிந்தது.

தம்பி மறுபடி ஆரம்பித்தான். வரைபடத்தின் மேல் பாலிதீன் தாள் விரித்து, பசையே இல்லாமல் எல்லாத் துண்டையும் அடுக்கிப் பார்த்தான். ஒவ்வொரு மூட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். வெளிச்சம் ஒழுகினால் இன்னும் தேய்க்க வேண்டும், அல்லது வேறு துண்டு வெட்ட வேண்டும். குண்டூசி அணைத்து நிறுத்த மட்டும். மூட்டுக்கு ஒரு பொட்டு வெள்ளைப் பசை போதும். அதிகப் பசை அதிக எடை. வால் பக்கம் ஒரு கிராம் கூடினாலும், அதைச் சமன் செய்ய மூக்கில் பல கிராம் வைக்க வேண்டியிருக்கும்.

வைகைக் கரை ஈரத்தையும் பால்சா உறிஞ்சும். அதனால் இறக்கையைப் பலகையிலிருந்து எடுக்காமல் ராத்திரி முழுக்க உள்ளறையில் வைத்தோம். காலையில் ஊசிகளைப் பிடுங்கித் தரையில் வைத்தபோது நான்கு மூலையும் தரையைத் தொட்டன. சாயங்காலம் மைதானத்தில் தம்பி வீசியதும் கிளைடர் எந்தப் பக்கமும் சாயாமல் நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. தேர்வுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது!

சோழவந்தான் போகிறீர்களா?

* மதுரை - திண்டுக்கல் ரயில் பாதையில் சோழவந்தான் ஸ்டேஷன் இருக்கிறது. மதுரையிலிருந்து பஸ்ஸும் உண்டு.
* ஊருக்குள் ஜெனகை மாரியம்மன் கோயில். வைகாசித் திருவிழாவுக்குப் போனால் ஊரே களைகட்டியிருக்கும்.
* ஆற்றுக்கு அக்கரையில் தென்கரை மூலநாதர் கோயில். பாடகரும் நடிகருமான டி.ஆர்.மகாலிங்கத்தின் சொந்த ஊரும் தென்கரைதான்.
* வழியில் திருவேடகம். ஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் தலம்.
* கொடிக்காலுக்குள் போவதற்கு முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொடியில் கை படாமல் நடங்கள். வரும்போது இளசாகக் கொஞ்சம் வெற்றிலை வாங்கி வர மறக்காதீர்கள்.