ஹெரால்டின் திருகாணி

பூந்தமல்லிக்கு நீங்கள் எதற்காகப் போவீர்கள்? பக்தி உள்ளவர்களானால் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் போவீர்கள். திருக்கச்சி நம்பி அவதரித்த ஊர் அது. அங்கே நந்தவனம் வைத்துப் பூ வளர்த்து, காஞ்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அவசரம் உள்ளவர்களானால் பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்த ஊரைத் திரும்பியும் பாராமல் கடந்து போவீர்கள்.

நாங்கள் போனது கார் வாங்குவதற்கு.

'நாங்கள்' என்றால் என் அண்ணி, அண்ணியின் தாயார், அண்ணியின் எட்டு வயதுப் பையன், பிறகு நான். அண்ணிக்கு வெகுநாளாக ஓர் ஆசை. அவருடைய தகப்பனார் அம்பத்தூரில் வேலை பார்த்த காலத்தில் ஆகாய நீல நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். அண்ணியின் கல்லூரிப் படிப்புக்காக அதை விற்றார். விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை என்று அத்தை இன்றும் சொல்கிறார். இப்போது அவர் இல்லை. அதே நிறத்தில் ஒரு ஹெரால்டு பூந்தமல்லியில் ஒரு கொட்டகையில் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும், அண்ணி சீட்டு எடுத்த பணத்துடன் கிளம்பிவிட்டார். எழுதுகிறவன் ஒருவன் கூட இருந்தால் விவரம் தெரியும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு விவரம் தெரியும் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்!

ஹெரால்டு கார் சென்னைக்காரி. இங்கிலாந்தில் 1959-ல் பிறந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பம்பாயில் ஃபியட், கல்கத்தாவில் அம்பாஸடர் என்றால் நமக்கு ஹெரால்டு. இதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் பந்தயக் காருக்கு அடிப்படை இந்த ஹெரால்டின் சட்டம்தான். நம்மூர் ஹெரால்டும் லேசுப்பட்டதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சோழவரத்தில் அமைத்த விமானத் தளத்தில் பிற்காலத்தில் மோட்டார் பந்தயம் நடந்ததே, அங்கே சீறிப் பாய்ந்த கார்களில் இதுவும் ஒன்று.

கொட்டகையின் தகரக் கதவைத் திறந்தார்கள். அடடா! நீல வர்ணம் பளபளக்கிறது. விளக்குகளுக்கு மேலே புருவம் தூக்கிய முகம். அத்தை ஒன்றும் பேசவில்லை; அருகில் போய்க் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் சாமர்த்தியசாலியைப் போல டயரைக் காலால் உதைத்தேன். என்ஜினைக் கிளப்பச் சொல்லிக் கேட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணையும் சட்ட எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. "தங்கமான வண்டி, அண்ணி! யோசிக்காதீர்கள்" என்றேன். பணம் கைமாறியது.

அங்கிருந்து அம்பத்தூர் வீட்டுக்குப் பிரயாணம். அண்ணிதான் ஓட்டினார். கரையான்சாவடி தாண்டி, சென்னீர்குப்பம் தாண்டி, காடுவெட்டியில் கூவம் ஆற்றைக் கடந்தோம். நகரத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்தக் கூவத்துக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஆற்றின் முகம் இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரியைச் சீர்திருத்திக் கரையில் பூங்கா போட்டிருக்கிறார்கள். ஜன்னலை இறக்கிவிட்டால் ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. பையன் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கை ஆட்டினான். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, "எந்த வருஷத்து வண்டிம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பக்கத்திலிருந்து 'கிர்ர்' என்று ஒரு முனகல் கேட்டது. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் கொஞ்சம் அடம் பிடித்தது. "வயசான வண்டி, மூட்டு வலி இருக்காதா? எனக்கு இல்லையா?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தோம்.

ஆவடிக்கு முன்னால் ஒரு காலி மைதானம் வந்தது. அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஹெரால்டின் பிரசித்தமான குணம் அதன் திருப்பம். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் முழு வட்டம் போட்டுவிடும். "ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள், அண்ணி!" என்றேன். அண்ணி ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் திருப்பி ஒரு வட்டம் போட்டார். பையன் "இன்னொன்று!" என்றான். மூன்று வட்டம் போட்டோம். அந்த மூன்று வட்டங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மகாசபையில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். பத்து வருஷம் கழித்து, 1965 டிசம்பரில், இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' என்ற முதல் டாங்கி வெளியே வந்தது. டாங்கி பிறந்த ஊரில், எண்ணூறு கிலோ எடையுள்ள எங்கள் நீலக் கார் ஒரு வாண்டுப் பயலைப் போல ஓடியது.

அடுத்தது திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக் கொடி சுற்றிக்கொள்ள, அதை வாளால் வெட்டியபோது ரத்தம் பெருகி மாசிலாமணி ஈசுவரர் வெளிப்பட்ட ஸ்தலம். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந் தூண்கள் உண்டு. அதைவிட விசேஷம் நந்தி. மற்றக் கோயில்களில் சுவாமியைப் பார்த்துப் படுத்திருக்கும் நந்தி, இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து இருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாக யுத்தத்துக்குப் புறப்பட்ட கோலமாம். வாகனம் என்றால் இப்படியல்லவா எப்போதும் புறப்படத் தயாராக இருக்க வேண்டும்! அத்தை காருக்குச் சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழங்களை நசுக்கிக்கொண்டு அம்பத்தூர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காஞ்சிபுரம் போவதாகத் திட்டம். அதற்கு முன்னால் ஆயில் மாற்றிவிடலாம் என்று தொழிற்பேட்டைக்குப் பின்புறம் உள்ள ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். அண்ணியின் தகப்பனாருடைய வண்டியைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி அங்கே இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர்.

அவர் செய்ததைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். வர்ணத்தை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பாகத்தில் வைத்தார். ஒட்டவில்லை. "உள்ளே தகடு இல்லைம்மா, பட்டி அடைச்சிருக்கு. பரவாயில்லை, இது உயிர்போகிற சங்கதி இல்லை" என்றார். ஹெரால்டுக்குத் தனிச் சட்டம். மேல்கூட்டை போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஆகவே சட்டத்தை ஸ்குரு டிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

பிறகு பானெட்டைத் திறந்தார். அதைத் திறப்பது ஒரு வேடிக்கை. விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முகம் முழுவதுமே முன்பக்கமாகக் கவிழும். என்ஜினும் முன்சக்கரங்களும் ஒரே பார்வையில் தெரியும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, ஆயில் மூடியின் உள்பக்கம் தயிர்போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் இல்லை. என்னைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, என்ஜினின் முன்னால் உள்ள புல்லியைக் கவனித்தார். மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால், உள்ளே கிராங்க்கைத் தடுத்து நிறுத்தும் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். நகரவில்லை. புகையைப் பார்த்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். ஓயாத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. பெட்ரோல் ரப்பர் குழாய்களை மட்டும் மாற்றச் சொன்னார். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது.

"எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன் நான்.

"இனிமேதான் சார் பார்க்கணும்" என்றார் மேஸ்திரி.

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்குகட்டை கொடுத்தார். "ஸ்டியரிங் திருப்பினா முனகுதா?" என்று கேட்டார். அண்ணி தலையசைத்தார். மேஸ்திரியின் முகம் மாறியது. சக்கரத்தைக் கழற்றினார்.

சகோதரிகளே, இதை உங்களுக்குச் சொல்லுவது சுலபம். உங்கள் தோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டில் எத்தனை கல், என்ன ஒளி என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் அது காதில் நிற்பது பின்னால் இருக்கும் திருகாணியால். அதன் மரை தேய்ந்துவிட்டால் வைரமானாலும் தெருவில்தான். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவதும் அப்படி ஒரு திருகுதான். எஃகுத் தண்டு ஒன்று, அதன் அடிமுனையில் மரை, அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. அந்தக் கட்டைக்கு 'ட்ரன்னியன்' என்று பெயர். அதற்குள் போட வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் போட்டால் நாளடைவில் கட்டிதட்டிப் போகும், எண்ணெய் பரவாத இடத்தில் தண்ணீர் புகும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும்.

மேஸ்திரி தண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரை முழுவதும் செங்கல் நிறத் துரு. அதற்குச் சற்று மேலே முடியளவு ஒரு விரிசல்.

"யாரோ பிரியமாகத்தான் கிரீஸ் வெச்சிருக்காங்க. தெரியாம வெச்சது. இது எப்ப ஒடியும் தெரியுமா? ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சுத் திருப்புறப்பதான் பெரும்பாலும் ஒடியும்."

மூன்று வட்டங்கள்! அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பின்ஸீட்டில் அத்தையும் பையனும் சிரித்துக்கொண்டிருந்த காட்சி கண் முன்னால் வந்தது. மறுநாள் நாங்கள் போகவிருந்தது நெடுஞ்சாலை, லாரிகளுக்கு நடுவில்.

"வெல்டிங் வைத்து..." என்று இழுத்தேன். "இதிலே ஒட்டு வேலை கூடாது சார். புதுசு போடணும். இல்லேன்னா வண்டி இந்த இடத்தை விட்டு நகராது" என்றார். அண்ணி சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார்.

புதிய தண்டுக்கு எங்கே போவது? இங்கேதான் அந்த ஸ்பிட்ஃபயர் உறவு கைகொடுத்தது. இரண்டுக்கும் முன்சக்கர அமைப்பு ஒரே குடும்பம். சீமையில் ஸ்பிட்ஃபயரைப் பிள்ளைபோல வளர்ப்பவர்கள் ஏராளமாக இருப்பதால், அதன் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் தருவித்தோம். சில்லறைப் புஷ்களை அம்பத்தூர் லேத் பட்டறை ஒன்றில் கடைந்து கொடுத்தார்கள். பாடியில் 1960-ல் சக்கரத்துக்கு ஒரு தொழிற்சாலை, 1961-ல் காரின் மின்சாரக் கருவிகளுக்கு ஒன்று, 1962-ல் பிரேக்குக்கு ஒன்று என்று டி.வி.எஸ். குடும்பத்தார் ஆரம்பித்த காலந்தொட்டு, இந்த வட்டாரத்துக் கைகளுக்கு மோட்டார் சமாசாரம் மனப்பாடம்.

ஆறு வாரம் கழித்து வண்டி கைக்கு வந்தது. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்புகிறது, முனகல் இல்லை. மேஸ்திரி இரண்டு புத்திமதி சொல்லி அனுப்பினார். ஒன்று, வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடாதே, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு. இந்த வண்டியின் பின்சக்கரங்கள் அதைப் பொறுக்காது. இரண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில்.

உங்கள் வீட்டிலும் யாராவது பழைய கார் ஆசையோடு புறப்பட்டால் தடுக்காதீர்கள். ஆசை தப்பில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒரு மேஸ்திரியை அழைத்துப் போகச் சொல்லுங்கள். டயரை உதைத்துப் பார்க்கும் என்னைப் போன்றவர்களை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய் வந்தோம். பூந்தமல்லி வழியாகத்தான். புறப்படும்போது கதவைப் பூட்டிய அத்தை, "கேஸை மூடினாயா?" என்று அண்ணியைக் கேட்டார். காரில் ஏறுவதற்கு முன் இன்னொன்றும் கேட்டார்:

"ஆயில் போட்டாச்சா?"